பதில் போடாத தெரு

கிளெனிஸ் ஆர்மிடேஜ் வாயைத் திறந்தால் எங்கள் நாலு தெருவும் வேலையை விட்டுவிட்டுக் கேட்கும். அது எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று நாசூக்காகச் சொல்வானேன், வயிறு எரியும்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஒரே வாரத்தில்தான் நாங்கள் இருவரும் ஹாலின் தெருவுக்குக் குடிவந்தோம். இருவருக்குமே கவுன்சில் வீடு, நகர நிர்வாகம் வாடகைக்கு விடுவது. எங்கள் பகுதியில் வீட்டுக்காரர் என்று தனியாக யாரும் கிடையாது, கவுன்சில்தான் எல்லாருக்கும் வீட்டுக்காரர். எனக்குப் பத்தொன்பதாம் எண் கொடுத்தார்கள். அவளுக்கு இருபது, தெருக்கோடி வீடு. அதனால் அவளுக்குப் பக்கவாட்டிலும் தோட்டம் உண்டு. முப்பது வருடமாக அந்தத் தோட்டத்தை என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவன் எழுபத்தொன்றில் ஒரு பஸ் கண்டக்டர் பெண்ணோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். கவுன்சில் வீட்டை என் பெயருக்கு மாற்றி எழுதியது. கிளெனிஸின் கணவன் டெரிக்கோ இன்றைக்கும் காலையில் அவளுக்குப் படுக்கையில் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்காமலேயே சொல்வாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். குடியிருப்போர் சங்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு வருடம் நான் அதற்குச் செயலாளராக இருந்தேன். யார் வீட்டுச் சுவரில் ஈரம், யார் வீட்டுக் கொதிகலன் ஓடவில்லை, எந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டது, எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதியது நான். கார்பன் தாள் வைத்து, நகல் எடுத்து, தேதி போட்டு. எண்பத்தேழில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கிளெனிஸ் எழுந்து கவுன்சில்காரர்கள் வடிகால் தோண்டிய அழகைப் பற்றி ஏதோ கிண்டலாகச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. சிரித்த வாயோடு யாரோ செயலாளர் பதவிக்கு அவள் பெயரை முன்மொழிய, கைகள் மடமடவென்று உயர்ந்தன. எனக்கு ஒரு பூங்கொத்தும் நன்றியும் கிடைத்தன. பூ நாலு நாளில் வாடியது. நான் வாடி முடிக்கவே இல்லை.

என் மகள் ஏவிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. ஆறு வயதில் இருந்து வலிப்பு. காலையில் சலவைக்கடையில் துணி மடிக்கும் வேலை, மற்ற நேரமெல்லாம் வீடு. எங்கள் வீட்டில் மேஜை முனை, அடுப்பு முனை எல்லாவற்றுக்கும் துணி சுற்றியிருக்கும். தெருவில் எங்கே விழுந்தாலும் யாராவது ஒருவர் தன் கோட்டைச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வருவார்கள். புதிய இடத்தில் அவளால் இருக்க முடியாது. அதனால் எனக்குப் பிறகு அவள் கதி என்ன என்ற கவலை என்னைத் தின்றது. கவுன்சில் குடியிருப்புக்கு ஒரு விதி உண்டு: என்னோடு ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், நான் போன பிறகு மகள் அதே வீட்டில் அதே உரிமையோடு இருக்கலாம். யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. செயலாளராக இருந்தபோது கையேட்டில் அதைப் படித்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எண்பத்தொன்பதில் கம்பெனிக்காரன் வந்தான். லண்டனில் புதுச் சட்டம் வந்திருந்தது. கவுன்சில் வீடுகளை வாங்கிக்கொள்கிறோம் என்று வெளியார் வந்து கேட்கலாம், குடியிருப்போர் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று. டாரன்ட் என்று ஒருவன் வெளிர் நிறச் சூட்டில் வந்தான், மண்டபத்தில் எல்லாருக்கும் பழ கேக்கும் பேனாவும் கொடுத்தான். புது ஜன்னல், புது வாசற்கதவு என்று படம் காட்டினான். கேக்கைத் தின்றோம். ஆனால் வீடு கம்பெனி கைக்குப் போனால், எனக்குப் பிறகு ஏவிஸுக்கு அதில் உரிமை இல்லை. கணவன் மனைவிக்கு மட்டும்தான் போகும். பிள்ளைகளுக்கு இல்லை. அதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அதைக் கிளெனிஸிடம் சொன்னதும் நான்தான். மறுநாளே அவள் அதைக் கடைவீதியில் நின்று தன் சொந்தச் சரக்கு மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் என் பின்வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

"தெல்மா, மத்த மூணு தெருவையும் நான் பாத்துக்கறேன். நம்ம தெரு உன் பொறுப்பு. நீ சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க."

"ஏன், உன் பேச்சத்தான் ஊரே கேக்குதே."

"ஊரு கேக்கும். ஹாலின் தெரு கேக்காது. சக்டன் தாத்தா என்னைப் பாத்தாலே காதுல இருக்கற மெஷினைக் கழட்டி வெச்சுடறார்." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். சட்டம் படிச்ச ஒருத்தர் வர்றார். இந்த ஓட்டுல ஏதோ ஏடாகூடம் இருக்காம், விளக்கிச் சொல்லப் போறார். கட்டாயம் வந்துடுடி."

"பதினோரு வருஷம் விதியோட குடும்பம் நடத்தினவ நான். எனக்கு யாரு வந்து விளக்கணும்?"

"அதுக்கில்ல..."

"எனக்கு வேலை இருக்கு கிளெனிஸ்."

வேலை ஒன்றும் இல்லை. மேடையில் அவள் மைக்கோடு நிற்பதை, கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டுமா? அதுதான் விஷயம். வேறு விஷயமே இல்லை.

ஏவிஸ் போனாள். அவளுக்குக் கிளெனிஸ் என்றால் உயிர். மத்தியானங்களில் இருபதாம் எண்ணிலேயே கிடப்பாள், நோட்டீஸ் மடித்துக் கொடுப்பாள், டெரிக்கோடு சீட்டு விளையாடுவாள். அங்கிருந்து வரும்போது அவள் முகத்தில் ஒரு களை இருக்கும். அந்தக் களை என் வீட்டில் வராது. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து ஏழு மணிக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, பதில் போடாம இருந்தா சரின்னு போட்ட மாதிரியாம்."

"யாரு சொன்னா?"

"கிளெனிஸ் ஆன்ட்டி. மொத்த வீட்டுல பாதிக்கு மேல வேண்டாம்னு எழுதிக் குடுத்தாத்தான் விக்கறது நிக்குமாம். சும்மா இருந்தவங்க எல்லாம் சம்மதம்னு கணக்காம். அப்புறம் இன்னொண்ணு. வித்தாலும், வேண்டாம்னு எழுதினவங்க வீடு மட்டும் கவுன்சில்கிட்டயே இருக்குமாம். அதனால எல்லாரும் எழுதியே ஆகணும்னாங்க."

"இதெல்லாம் ஒரு நியாயமா? வாயைத் திறக்காதவன் சரின்னு சொன்னான்னு யாராவது எழுதுவாங்களா? எந்த ஊர்ல நடக்கும் அது?"

"கிளெனிஸ் ஆன்ட்டி சொன்னாங்களே."

"கிளெனிஸ் ஆன்ட்டி சொன்னா அது வேதமா? அவ மேடையில நிக்கறதுக்கு எதையாவது உளறுவா. நீ வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுட்டு வருவே. உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, இல்லே?"

ஏவிஸ் கோட்டோடேயே மாடிக்குப் போய்விட்டாள். மேஜைமேல் அவள் வைத்த நோட்டீஸ் கிடந்தது. மஞ்சள் தாள், தலைப்பில் கொட்டை எழுத்தில் கிளெனிஸின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததுமே அதைக் கசக்கிக் கணப்பில் போட்டேன். அடியில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.

எங்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஹாலின் தெருவில் பாதிப் பேர் பழைய நூல் ஆலைக்காரர்கள், நானும்தான். எழுபத்திரண்டில் ஆலை நிர்வாகம் எங்களைக் கேட்காமல் ஒரு திட்டம் போட்டு, அதற்கு ஓட்டுத்தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது முந்நூறு பேரில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றுகூட எழுதவில்லை. காலியான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திட்டம் செத்தது. பிடிக்காதவன் நீட்டும் தாளைக் கையால் தொடாதே என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. கிளெனிஸ் ஆலையில் வேலை செய்தவள் இல்லை, ரொட்டிக் கடையில் நின்றவள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஓட்டுத்தாள்கள் வந்த சனிக்கிழமை வீடு வீடாகப் போனேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி என் கோப்பை இடுக்கிக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்தவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சு: தொடாதீங்க, குப்பையில போடுங்க, எழுபத்திரண்டு ஞாபகம் இருக்கில்ல? எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சிலர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

நாலாம் எண்ணில் சக்டன் தாத்தா மட்டும் கூட்டத்தில் கொடுத்த மஞ்சள் நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார்.

"இதுல வேற மாதிரி போட்டிருக்கே கண்ணு. எழுதாம விட்டா ஆபத்துங்குது."

"அது கிளெனிஸ் எழுதினது."

"தெரியுது. ஆனா..."

"உங்க கூரை ஒழுகினப்ப கவுன்சிலுக்குப் பதினாலு கடுதாசி எழுதினது யாரு, அவளா?"

"நீதான்."

"ஒழுகறது நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன?"

தாத்தா நோட்டீஸை மடித்து ஓட்டுத்தாளோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இனித்தது. அவளுடைய தாள், அவளுடைய பெயர், என் ஒரு பேச்சில் குப்பைக்குப் போனது. வீடு திரும்பும்போது பாட்டுக்கூட முனகினேன் என்று நினைக்கிறேன்.

சந்தேகம் வராமல் இல்லை. என் தாளைக் கணப்பில் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். ஒருவேளை அவள் சொல்வது சரியாக இருந்தால்? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கு இது புரியவில்லை, சொல்லு என்று கேட்டிருக்கலாம். பதினைந்து அடி தூரம். ஜன்னல் வழியே பார்த்தேன். தோட்டத்தில் அவளும் ஏவிஸும் எதற்கோ குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாளை நெருப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் கேட்டாள்: "நம்ம தெரு எப்படி?"

"ஒருத்தர்கூட சரின்னு போட மாட்டாங்க."

"எனக்குத் தெரியும். உன்கிட்ட குடுத்துட்டா நான் கவலைப்பட வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏவிஸ் பிரித்துப் படித்தாள். நாலு தெருவிலும் சேர்த்துத் தொண்ணூற்றாறு வீடு. வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொன்று. விற்பனை நடக்கும். பத்தொன்பதாம் எண் வீட்டுக்குப் புதிய உரிமையாளர் இன்ன கம்பெனி, இன்ன தேதியிலிருந்து.

"நம்ம வீடும் போகுதுன்னு போட்டிருக்கும்மா. நீ வேண்டாம்னுதானே எழுதினே?"

அவள் கண்ணைப் பார்த்தேன். "எழுதினேன்" என்றேன்.

அவ்வளவுதான், வீட்டுக்குள் போடும் செருப்போடேயே அடுத்த வீட்டுக்கு ஓடினாள். ஐந்து நிமிடத்தில் கிளெனிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றாள். அவளுக்கும் கடிதம் வந்திருந்தது, கவுன்சில் குடியிருப்பாகவே தொடர்வீர்கள் என்று.

"கிளம்புடி. உன் தாளைத் தொலைச்சுட்டானுங்க. டவுன்ஹாலுக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

"விடு கிளெனிஸ். திங்கக்கிழமை நானே ஒரு கடுதாசி..."

"கடுதாசி எழுதற நேரமா இது? அந்தப் பொண்ணோட வீடுடி. ஏவிஸ், அம்மாவோட தொப்பிய எடுத்துக் குடு."

பஸ்ஸில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் எங்காவது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

வீட்டுவசதிப் பிரிவு கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். கிளெனிஸ் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இவங்க தெல்மா கிரிம்ஷா. பதினோரு வருஷம் சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவங்க. இந்த ஊர்ல ஒரு தாளைத் தேதி போடாம அனுப்பாத ஒரே ஆளு. இவங்க ஓட்டு எங்க போச்சுன்னு எனக்கு இப்பவே தெரியணும். எனக்கு விதியில இருந்து ஒரு வரி தெரியும்னா, அது இவங்க சொல்லிக் குடுத்தது."

அவள் அதை யார் முன்னாலும் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அது அந்தக் கவுண்டரில் கிடைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் ஒரு பட்டியலை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினாள். வீட்டுக்கு வீடு முடிவு மாறும் என்பதால் ஒவ்வொரு தாளிலும் வீட்டு எண் இருக்குமாம். தேடியவள் நின்று, மறுபடி மேலே இருந்து தேடினாள்.

"மேடம், ஹாலின் தெருவுல மொத்தம் இருபது வீடு. வந்தது ஒரே ஒரு தாள்தான். இருபதாம் நம்பர்."

"நல்லாப் பாரும்மா."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் மேடம். மத்த பத்தொன்பது வீட்டுல இருந்தும் எதுவுமே வரல. அது மட்டும் வந்திருந்தா நாற்பத்தொண்ணு அறுபது ஆகியிருக்கும். விக்கறதே நின்னிருக்கும்."

கிளெனிஸ் கவுண்டரை விட்டு நிமிர்ந்தாள். பட்டியலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு தெரு முழுக்கத் தபாலில் தொலைய முடியாது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"எழுத வேண்டாம்னு நீதான் சொன்னியா?"

"ஆமா."

"ஏவிஸ் உன்கிட்ட சொன்னாளா, இல்லியா? கூட்டத்துல முதல் வரிசையில உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டாளே. அம்மாகிட்ட ஒரு வரி விடாம சொல்லணும்னு என்னை ரெண்டு தடவை கேட்டு எழுதினாளே."

"சொன்னா."

"பின்ன ஏன்டி?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "நீ சொன்னதுங்கறதால" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேல்வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"சக்டன் தாத்தாவுக்கும் மத்தவங்களுக்கும் நான் போயிச் சொல்றேன். ஏதாவது முறையீடு பண்ண வழியிருக்கான்னு கேக்கறேன். இருக்காது, ஆனா கேக்கறேன். ஏவிஸ்கிட்ட மட்டும் நீயே சொல்லு. அதையும் நான் சொன்னா, அதுக்கும் நீ பொறாமைப்படுவே."

அவள் முந்தின பஸ்ஸில் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

ஏவிஸ் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளை எரித்ததை, எழுதினேன் என்று பொய் சொன்னதை, எனக்குப் பிறகு இந்த வீட்டில் அவளை இருக்கவிட யாருக்கும் கடமை இல்லை என்பதை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அழுவாள், இல்லை வலிப்பு வரும் என்று மேஜையைக்கூடக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அப்போ நான் வந்து சொன்னது சரிதானே?" என்றாள்.

"சரிதான்."

"கிளெனிஸ் ஆன்ட்டி சொன்னாங்கன்னு சொல்லாம, நானே கண்டுபிடிச்சேன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பியாம்மா?"

கேட்டிருப்பேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.